பகா எண்: சொல்லும் பொருளும்

‘பகு’ என்றால் பிரி, கூறாக்கு. அதன் எதிர்மறை ‘பகாத’. ஈற்றுத் ‘த’ கெட்டு நிற்பது ‘பகா’. 1-ஐவிடப் பெரியதாக இருந்து, 1-ஆலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடும் முழு எண் பகா எண். பிள்ளைகள் ‘பிரைம் நம்பர்’ என்று சொல்வது இதைத்தான்.

இந்த வார்ப்பு இலக்கணத்தில் பழையது. நன்னூல் சொற்களைப் பகுபதம், பகாப்பதம் என்று பிரிக்கும். ‘மண்’ணைப் பிரித்தால் எழுத்துதான் மிஞ்சும், பொருள் மிஞ்சாது, அது பகாப்பதம்.

‘பிரைம்’ முதலாவது என்று பொருள்படும் லத்தீன் சொல்லின் வழி வந்தது. இலங்கைத் தமிழர் ‘முதன்மை எண்’ என்பது அதையொட்டியே. 1-ஐவிடப் பெரிய மற்ற எண்களெல்லாம் இவற்றைப் பெருக்கிப் பிறப்பவை என்பதால் அதிலும் நியாயமுண்டு. ஆனாலும் ‘பகா எண்’தான் எனக்கு உகந்தது. வரையறையையே பெயராகச் சூடிய சொல் அது.

மதுரைப் பின்கோடுகளை எடுத்துக்கொள்வோம். மீனாட்சியம்மன் கோயில் பகுதிக்கு 625001. பகாது போலத்தான் தெரிகிறது. 13 × 131 × 367 என்று பகுந்துவிடுகிறது. பழங்காநத்தத்தின் 625003 சற்று முரண்டு பிடித்து, 113 × 5531 ஆகிறது. கே.புதூரின் 625007 மட்டும் எதற்கும் அசையாது. அது பகா எண்.

எப்படி உறுதியாகச் சொல்வது? ஓர் எண் பகுந்தால் அதன் காரணிகளில் ஒன்றாவது வர்க்கமூலத்தைத் தாண்டாது. 790-இன் வர்க்கம் 6,24,100. 791-இன் வர்க்கம் 6,25,681. ஆகவே 790 வரையுள்ள 138 பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். கடைசி எண் 787: ஈவு 794, மீதி 129. மற்ற 137-லும் மீதி விழுகிறது. பொறுமையுள்ள எட்டாம் வகுப்புப் பிள்ளை காகிதத்திலேயே செய்துவிடலாம். செய்து பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

பெரிய எண்களிடம் இந்த வழி எடுபடாது. 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட பகா எண், 2-ஐ 136279841 முறை பெருக்கி வருவதில் ஒன்றைக் குறைத்தால் கிடைப்பது; 4,10,24,320 இலக்கம். கண்டவர் லூக் டூரண்ட். இந்த வகைக்கு மெர்சென் பகா எண் என்று பெயர். இதில் அடுக்கும், அதாவது 2-ஐ எத்தனை முறை பெருக்குகிறோம் என்ற எண்ணும், பகா எண்ணாகவே இருக்க வேண்டும். அடுக்கு பகுந்தால் எண்ணும் பகுந்துவிடும். அடுக்கு பகா எண்ணாக இருப்பது மட்டும் போதாது: அடுக்கு 11 என்றால் 2047, அது 23 × 89. இவ்வகை எண்களுக்கென்றே லூக்கா–லேமர் சோதனை இருக்கிறது. காரணி எதையும் தேடாமல், 4-இல் தொடங்கி ஒவ்வொரு முறையும் வர்க்கமாக்கி 2-ஐக் கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்த மீதியை மட்டும் வைத்துக்கொண்டே போவார்கள். அடுக்கைவிட இரண்டு குறைவான முறை செய்தபின் மீதி பூச்சியம் வந்தால் அது பகா எண்.