ப்ளூம்: புகைமண்டலமா, புகைத்தோகையா?

உயரமான புகைபோக்கியிலிருந்து கிளம்பும் புகையைக் கொஞ்ச நேரம் பாருங்கள். வாயருகே கெட்டியாக, ஒடுங்கி இருக்கிறது. காற்று தள்ளத் தள்ள ஒரு பக்கமாகச் சாய்கிறது. போகப் போக அகன்று, ஓரங்கள் கலைந்து, எங்கே முடிகிறது என்றே தெரியாமல் கரைந்துபோகிறது. இந்த முழு உருவத்துக்கும் ஆங்கிலத்தில் ப்ளூம் என்று பெயர். காற்று மாசு எங்கே கிளம்பி, எந்த வழியாகப் போய், எங்கே படிகிறது என்று கணக்குப் போடுகிறவர்கள் வாயில் நாள் முழுக்கப் புழங்கும் சொல். தமிழில் இதைப் புகைமண்டலம், புகைப்படலம், புகைமூட்டம் என்று ஆளுக்கொன்றாக எழுதுகிறோம். மூன்றுமே பொருந்தவில்லை என்பது என் கட்சி.

மண்டலம் என்றால் வட்டம். படலம் என்றால் மேலே போர்த்திய மெல்லிய ஏடு. மூட்டம் என்றால் நகராமல் மூடிக்கொண்டு நிற்பது. 1952 டிசம்பரில் புகையும் பனியும் கலந்து லண்டனை ஐந்து நாள் அமுக்கி வைத்திருந்ததே, அது மூட்டம். இந்த மூன்று சொற்களிலும் தொடக்கப் புள்ளி கிடையாது, திசையும் கிடையாது. ப்ளூமுக்கு இரண்டும் உண்டு. அவை இல்லாவிட்டால் கணக்கே போட முடியாது.

லத்தீனில் 'ப்ளூமா' என்றால் பறவையின் மென்மையான சிற்றிறகு. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, தொப்பியில் செருகும் இறகாகி, அப்புறம் புகைக்கும் பெயரானது. வேடிக்கை என்னவென்றால், கடன் கொடுத்த பிரெஞ்சுக்காரர்கள் புகைக்கு அந்தச் சொல்லைப் பயன்படுத்துவதில்லை. தலைக்கவசத்தின் உச்சியில் ஆடும் இறகுக் கொத்தான 'பனாஷ்' என்கிறார்கள். ஜெர்மானியர்களுக்கோ அது கொடி: 'ரௌக்ஃபானே', அதாவது புகைக்கொடி.

அகராதிப்படி பார்த்தால் ப்ளூமாவுக்கு நேர் தமிழ் 'தூவி'. அன்னத்தின் தூவி என்று இலக்கியத்தில் படித்திருப்போம். ஆனால் 'புகைத்தூவி' என்று எழுதிப் பாருங்கள், கொசு மருந்து அடிக்கும் கருவி மாதிரி இருக்கிறது. 'தூவு' என்ற வினை குறுக்கே வந்துவிடுகிறது.

தோகைக்கு இந்தத் தொல்லை இல்லை. குறுந்தொகையில் வேங்கைக் கிளையில் இருக்கும் மயிலையே 'தோகை' என்று சொல்லிவிடுகிறார்கள். கரும்பின் நீண்ட இலைக்கும் அதே பெயர்தான். ஓரிடத்தில் பற்றிக்கொண்டு, நீண்டு, காற்றுக்கு வளைந்து கொடுப்பது. மயில்தோகை என்றால் போகப் போக அகலவும் செய்யும். ஆகவே புகைத்தோகை. சல்ஃபர் டைஆக்சைடு போலக் கண்ணுக்கே தெரியாத வாயு என்றால் மாசுத்தோகை. நிலத்தடி நீரில் நீளும் கழிவுக்கும் இதுவே பொருந்தும்.

இந்த வடிவம் வெறும் அழகுக்காக இல்லை. 1936இல் போசன்கெட், பியர்சன் என்ற இரு ஆய்வாளர்கள் புகைபோக்கிப் புகைக்குச் சமன்பாடு எழுதினார்கள். பின்னால் வந்தவர்கள் அதைச் செப்பனிட்டு, தோகையைக் குறுக்கே வெட்டினால் நடுநரம்பில் மாசு மிகுதி, இரு பக்கமும் மணி வடிவ வளைவாகக் குறையும் என்று வைத்துக்கொண்டார்கள். காற்றின் வேகம் இரட்டித்தால், மற்றவை மாறாதவரை, செறிவு பாதியாகும். தோகை எவ்வளவு விரியும் என்பதை வானிலை முடிவு செய்கிறது. 1961இல் பாஸ்குவில் என்ற பிரிட்டிஷ் வானிலை ஆய்வாளர் அதை ஏ முதல் எஃப் வரை ஆறு வகையாகப் பிரித்தார். சுள்ளென்ற வெயில், மெல்லிய காற்று என்றால் ஏ. மேகமற்ற அமைதியான இரவு என்றால் எஃப்.

இங்கே ஒரு சொற்சிக்கல். அந்த மணி வளைவைப் புள்ளியியலில் 'இயல்நிலைப் பரவல்' என்கிறோம். மாசு காற்றில் கலைந்து விரிவதை, அதாவது டிஸ்பெர்ஷனையும் பரவல் என்றால், 'பரவல்படி பரவுகிறது' என்று எழுத நேரும். நான் 'விரவல்' என்று எழுதுகிறேன். விரவுதல் என்றால் கலத்தல். மாசு காற்றோடு கலப்பதுதானே நடக்கிறது.

இதைவிட மோசம் 'மாதிரி': சாம்பிளுக்கும் அதுதான், மாடலுக்கும் அதுதான். 'காற்று மாதிரி' என்றால் குடுவையில் பிடித்த காற்றா, கணினியில் ஓடும் கணக்கா? மாடலுக்கு 'ஒப்புரு' என்று வைத்துக்கொண்டால் குழப்பம் தீரும். மாசு வெளியேறும் எமிஷனுக்கு உமிழ்வு ஏற்கெனவே நிலைத்துவிட்டது, அதைத் தொட வேண்டாம்.

தோகையின் நடத்தைகளுக்கும் பெயர்கள் உண்டு. நண்பகல் வெயிலில் அது பாம்பு போல மேலும் கீழும் நெளியும். தெளிந்த இரவில், தரையருகே குளிர்ந்த காற்றும் மேலே வெப்பக் காற்றுமாக இருக்கும்போது, ஏறவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் விசிறி போலத் தட்டையாக நீளும். கீழே இருப்பவருக்கு ஒன்றுமே தெரியாது. விடிந்து தரை சூடானதும் குளிர்ந்த அடுக்கு அடியிலிருந்து உடையும். இரவெல்லாம் மேலே நின்ற புகை மொத்தமாகத் தரைக்கு வரும். ஆங்கிலத்தில் இதற்கு ஃப்யூமிகேஷன். அதைப் 'புகையூட்டல்' என்று பெயர்த்தால் பூச்சி மருந்து நினைவுதான் வரும். 'புகையிறக்கம்' என்றால் நடப்பதை அப்படியே சொல்லிவிடும்.

மாசு கடைசியில் தரையில் தங்குவது டெபோசிஷன், தமிழில் படிவு. மழையோடு இறங்கினால் ஈரப்படிவு, மழையில்லாமல் இலையிலோ மண்ணிலோ ஒட்டினால் உலர்படிவு. தூசு தானாக விழும் வேகம் மிகக் குறைவு: தண்ணீரின் அடர்த்தியுள்ள 10 மைக்ரான் (மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு) துகள் அசையாத காற்றில் நொடிக்குச் சுமார் 3 மில்லிமீட்டர்தான் இறங்கும். 100 மீட்டர் உயரத்திலிருந்து தரையைத் தொட ஒன்பது மணி நேரம். அதற்குள் காற்று அதை எங்கேயோ கொண்டுபோயிருக்கும்.

உக்ரைனின் செர்னோபில் அணு உலை வெடித்தது 1986 ஏப்ரல் 26. இரண்டு நாள் கழித்து, 1,000 கிலோமீட்டருக்கும் அப்பால், ஸ்வீடனின் ஃபோர்ஸ்மார்க் அணுமின் நிலையத்தில் ஓர் ஊழியரின் காலணியில் கதிரியக்கம் பதிவானது. இவ்வளவு தூரத்துக்கு நேர்கோட்டுத் தோகை தாங்காது. வழியில் காற்று பலமுறை திரும்பிவிடும். அமெரிக்காவில் புழங்கும் ஏர்மாட் போன்ற தோகை ஒப்புருக்களை 50 கிலோமீட்டர் வரைதான் நம்புகிறார்கள். அதற்கு மேல் ஹைஸ்ப்ளிட் போன்ற வேறு வகை ஒப்புருக்கள் மாசைச் சின்னச் சின்ன 'பஃப்'களாகவோ துகள்களாகவோ பிரித்து, ஒவ்வொன்றையும் அதன் போக்கில் பின்தொடர்கின்றன. பஃப்புக்குப் 'புகைப்பொதி' என்று எழுதுகிறேன். தோகையிலிருந்து உதிர்ந்ததால் 'தூவி' என்று எழுத ஆசைதான். ஆனால் அந்தக் கொசு மருந்துக் கருவி மறுபடி வந்து நிற்கிறது.