நீ ஆற்றை பெடியன்?

கிளிநொச்சிப் பக்கத்துக் கத்தோலிக்கப் பங்குகளில் பேசக் கூப்பிட்டால், முதலில் எல்லோருக்கும் ஒரு வெள்ளைத்தாள் கொடுப்பேன். உறவுக்காரர் அல்லாத, 15 வயதைத் தாண்டிய ஐந்து பிள்ளைகளின் பெயரை எழுதச் சொல்வேன். பலருக்கு இரண்டுக்கு மேல் பேனை நகராது. ஒரு ஐயா "ட்ரக்டர்காரற்றை கடைசிப் பெடியன்" என்று எழுதியிருந்தார். கோயிலில் மைக் செட் கட்டுவதும், கொடியேற்றத்துக்குச் சோடனை போடுவதும் அந்தப் பெடியன்தான். வருடக்கணக்காக வேலை வாங்கியிருக்கிறார்கள், பெயர் கேட்கவில்லை.

நான் உளவளத்துணையாளர். என்னிடம் வரும் இளையோரிடம் "அம்மா அப்பாவைத் தவிர வேறு ஆரிடமாவது இதைச் சொன்னீங்களா?" என்று கேட்பேன். கோயிலுக்கு ஒழுங்காகப் போகிற பிள்ளைகளும் இல்லையென்றே தலையாட்டுவார்கள்.

இதற்கு வன்னியில் ஒரு தனிக் காரணமும் உண்டு. முன்பு, திருமுழுக்கில் பிள்ளையைப் பொறுப்பேற்ற ஞானத்தாயும் ஞானத்தந்தையும் இரண்டு ஒழுங்கை தள்ளி இருப்பார்கள். 2009இன் இடப்பெயர்வும் செட்டிகுளம் முகாம்களும் அந்தப் பின்னலை அறுத்துவிட்டன. மீளக்குடியேறிய ஊரில் பக்கத்து வீடு புதிது. ஞானத்தந்தை கனடாவில் இருந்தால் பிறந்தநாளுக்குக் காசு வரும், அவ்வளவுதான். சிலருக்கு அவர் உயிரோடு இல்லை. இன்று சாதாரண தரம் படிக்கிற பிள்ளை போருக்குப் பிறகு பிறந்தது. வீட்டில் பெரியவர்கள் ஏன் திடீரென்று பேச்சை நிறுத்துகிறார்கள் என்று அதற்குப் புரிவதில்லை.

இதற்குப் பங்குகள் வழக்கமாகச் செய்வது இளையோர் ஒன்றியம், ஒரு ரீசேட், கிரிக்கெட் போட்டி. குறை சொல்லவில்லை, நானும் அந்த ரீசேட் போட்டு வளர்ந்தவன்தான். ஆனால் அங்கே பெடியள் பெடியளோடுதான் பழகுகிறார்கள். பெரியவர் வருவது பரிசு கொடுக்க.

மடு மாதா கோயிலில் பார்த்திருப்பீர்கள். ஆவணித் திருவிழாவுக்குப் போய் மரத்தடியில் கூடாரம் அடித்து, தண்ணி சுமந்து, ஒரே பானையில் சமைக்கிற அந்த நாட்களில் கிழவியும் பெடியனும் கதைக்கிறார்கள். ஒருவரும் நிகழ்ச்சி நிரல் போடவில்லை. தவக்காலத்தில் திருப்பாடுகளின் நாடகம் பழக்கும் இரவுகளும் அப்படித்தான். கை வேலையில் இருந்தால் வாய் திறக்கும். முன்னால் கதிரை போட்டு "உன் பிரச்சினையைச் சொல்லு" என்றால் என்னிடமே சொல்ல மாட்டார்கள்.

பழகத் தொடங்கிவிட்டால் ஒரு பெரிய கண்ணி இருக்கிறது: செபக்கருத்து. ஒரு பிள்ளை பாடகர் குழு அன்ரி ஒருவரை நம்பி வீட்டுச் சண்டையைச் சொன்னாள். அன்ரி கெட்டவர் இல்லை. அயல் வீட்டார் கூடிச் செபிக்கும் அடுத்த அன்பியக் கூட்டத்தில் "இன்னார் குடும்பத்துக்காக மன்றாடுவோம்" என்றார், அவ்வளவுதான். இரவுக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. அந்தப் பிள்ளை கோயிலையும் விட்டாள், பாட்டையும் விட்டாள். கடவுளுக்குச் சொல்ல ஒலிவாங்கி தேவையில்லை என்று நான் எரிச்சலோடு சொன்னது சிலருக்குப் பிடிக்கவில்லை. பரவாயில்லை.

இரகசியம் காப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. பிள்ளையை யாராவது துன்புறுத்துவதாகத் தெரிந்தால் மூடி மறைக்கக் கூடாது. 1929 சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம். சாகப் போகிறேன் என்று ஒருவர் சொன்னால், அது பகிடியாக இருந்தாலும், தனியே விடாதீர்கள். ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள், அல்லது 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்கு எடுங்கள். அப்புறம், பழகுவது நாலு பேர் பார்க்கும் இடத்தில், பெற்றோருக்குத் தெரிந்து நடக்கட்டும். நல்ல மனதுள்ளவருக்கு இதில் இடைஞ்சல் இல்லை.

மற்றபடி பெரிதாக ஒன்றும் தேவையில்லை. இரண்டு ஞாயிறு காணவில்லையென்றால் "ஏன் பூசைக்கு வரேல்ல?" என்று விசாரணை வைக்காமல், "சோதனை எப்படிப் போகுது?" என்று கேட்டாலே போதும்.

அந்த ஐயாவை அண்மையில் பரந்தன் சந்தியில் கண்டேன். பெயர் கேட்டாராம். இப்போது தண்ணி இறைக்கிற மெசின் பழுதானால் அவனைத்தான் கூப்பிடுகிறார். அதுவும் வேலை வாங்கல்தானே என்று சிரித்தேன்.

"ஓம், ஆனா முடிய இரண்டு பேரும் தேத்தண்ணி குடிக்கிறம். அவன் சீனி போடுறேல்ல, தெரியுமோ?" என்றார்.