இம்ப்ளோஷனுக்கு ‘உள்வெடிப்பு’ என்று யார் சொன்னது?

போன வாரம் வேலூரில் ஒரு கல்லூரிக் கருத்தரங்கில் மறுபடியும் காதில் விழுந்தது: ‘காந்த உள்வெடிப்பு’. மேக்னெட்டிக் இம்ப்ளோஷனைத்தான், அதாவது காந்தவிசையால் ஒரு பொருளை உள்நோக்கி நசுக்குவதைத்தான், தமிழில் சொல்கிறாராம். பேசியவர் விஷயம் தெரிந்தவர்தான். ஆனால் அங்கே எதுவுமே வெடிக்கவில்லையே ஐயா!

என்ன நடக்கிறது என்று பார்ப்போம். அமெரிக்காவில் அல்புகர்க்கி நகரத்துச் சாண்டியா ஆய்வகத்தில் இசட் என்றொரு எந்திரம் இருக்கிறது. சுமார் 2.6 கோடி ஆம்பியர் மின்னோட்டத்தை, நொடியில் கோடியில் ஒரு பங்கு நேரத்துக்குள், சின்ன உலோகக் குழாய் ஒன்றின் வழியே பாய்ச்சுகிறார்கள். குழாயைச் சுற்றி எழும் காந்தப்புலம் அந்த மின்னோட்டத்தின் மேலேயே விசை செலுத்தி, குழாய்ச் சுவரை நடு அச்சை நோக்கித் தள்ளுகிறது. ஒரே திசையில் மின்னோட்டம் ஓடும் இரண்டு கம்பிகள் ஒன்றையொன்று இழுக்கும் என்று பிளஸ் டூவில் படித்தோமே, அதேதான். புலம் 1000 டெஸ்லாவை (டெஸ்லா என்பது காந்தப்புலத்தின் அலகு) எட்டினால் அழுத்தம் நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைப் போல ஏறக்குறைய 40 லட்சம் மடங்கு. பூமியின் நடுமையத்திலேயே சுமார் 36 லட்சம் மடங்குதான். குழாயைப் பெரிலியம் என்ற உலோகத்தில் செய்வதுண்டு, எக்ஸ்ரே அதை ஊடுருவும் என்பதால் உள்சுவர் எங்கே வந்துவிட்டது என்று படம் பிடிக்கலாம். வியாழன் போன்ற கோள்களின் வயிற்றுக்குள் பொருள்கள் எப்படி இருக்கும் என்று இப்படித்தான் தேடுகிறார்கள்.

சொல்லின் பிறப்பு லத்தீன். ‘ப்ளௌதெரே’ என்றால் கை தட்டுவது. கை தட்டி நடிகனை மேடையை விட்டு விரட்டுவதிலிருந்து எக்ஸ்ப்ளோட் வந்தது, அதற்கு எதிராக இம்ப்ளோட். ஆக மூலச்சொல்லிலேயே வெடி கிடையாது.

நம் தமிழில் வெடி என்றால் என்ன? கோடையில் ஏரி வெடித்துக் கிடக்கும், பருத்தி வெடிக்கும், வெள்ளரிப்பழம் வெடிக்கும், குதிகாலில் வெடிப்பு வரும், குவாரியில் பாறைக்கு வெடி வைப்பார்கள். எல்லாவற்றிலும் ஒன்று பிளந்து விலகுகிறது. ‘உள்’ என்று முன்னால் ஒட்டினால் திசை திரும்பிவிடுமா? உள்வெடிப்பு என்றால் உள்ளே நடந்த வெடிப்பு, அவ்வளவுதான். வெடிமருந்துத் தொழிற்சாலை இருக்கிற காட்பாடியில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

2023 ஜூனில் டைட்டன் நீர்மூழ்கி கடலுக்கடியில் நசுங்கிப்போனபோதும் இதே கூத்துதான், ‘வெடித்துச் சிதறியது’ என்று செய்தி. வெளியிலிருந்து தண்ணீர் அமுக்கி நசுக்கியதை வாசிக்கிறவன் குண்டு வெடித்ததாக நினைத்துக்கொள்வான்.

இன்னொரு சங்கடமும் உண்டு. 1945-இல் நாகசாகியில் போட்ட குண்டில், வெளியே வைத்த வெடிமருந்து வெடித்து நடுவிலிருந்த புளுட்டோனியத்தை உள்நோக்கி அமுக்கியது. இதை ‘வெடிப்பால் உள்வெடிப்பு’ என்று எழுதினால் யாருக்கு என்ன விளங்கும்? அதைவிட முக்கியம், வெடிமருந்தால் அமுக்கும்போது அதிர்ச்சி அலை பாய்ந்து பொருள் சூடாகிவிடும். காந்த முறையில், மின்துடிப்பின் வடிவத்தை, அதாவது மின்னோட்டம் ஏறுகிற விதத்தை, சரியாக அமைத்தால் அந்த அலையைத் தவிர்த்து, அதிகம் சூடேற்றாமல் அழுத்தலாம். இந்த முறையின் பெரிய வசதியே அதுதான், அதற்குப் போய் வெடிப்பு என்று பெயர்! ‘அகவெடிப்பு’ என்பவர்களுக்கும் இதே பதில். தூய தமிழாக இருந்தால் பொய் மெய்யாகிவிடாது. பொருளைப் பார்க்காமல் முன்னொட்டையும் வேரையும் தனித்தனியாகப் பெயர்த்து ஒட்டுகிற இந்த வியாதி மொழிபெயர்ப்பாளர்களை விட்டுப் போவதாகத் தெரியவில்லை.

என் கட்சி ‘நெரி’. கூட்ட நெரிசல், கழுத்தை நெரிப்பது எல்லோருக்கும் தெரியும். தேவாரத்தில் கயிலை மலைக்கடியில் இராவணன் நெரிபடுவது திரும்பத் திரும்ப வரும். நாலாபுறமும் அழுத்தம், நடுவில் இடுக்கு, சொல்லிலேயே எல்லாம் இருக்கிறது. தன்வினை பிறவினையும் இலவசம்: காந்தம் நெரிக்கிறது, குழாய் நெரிகிறது. அதனால் நீர்மூழ்கிக்கு நேர்ந்தது உள்நெரிவு, இசட் எந்திரம் செய்வது காந்த உள்நெரிப்பு.

1905-இல் சிட்னியில் பொல்லாக், பாரக்ளோ என்ற இருவர், மின்னல் பாய்ந்த உள்ளீடற்ற செப்பு இடிதாங்கி ஒன்றை ஆராய்ந்தார்கள். குழாய் உள்பக்கமாக நசுங்கியிருந்தது, மின்னோட்டத்தின் காந்தவிசைதான் காரணம் என்று விளக்கினார்கள். அந்தக் குழாயைப் பார்த்து ‘வெடித்துவிட்டது’ என்று யாராவது சொல்வார்களா? நெரிந்துபோச்சு என்பார்கள். அது வாயில் வரவில்லையென்றால் இம்ப்ளோஷன் என்றே எழுதிவிட்டுப் போங்கள், எனக்குச் சண்டையில்லை.