ரெஸ்யூமின் மூலையில் நான் கிறுக்கி வைப்பது

வேலைவாய்ப்பு முகாம்களில் ஆள் எடுக்கிறவர்கள் பக்கம் பல வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பேசிவிட்டு நகர்ந்ததும் உங்கள் ரெஸ்யூமின் மேல் மூலையில் பேனாவால் இரண்டு மூன்று வார்த்தை கிறுக்கி வைப்பேன். சாயங்காலம் கட்டுக்கட்டாகத் தாள் சேர்ந்திருக்கும், யார் முகமும் நினைவில் நிற்காது, அந்தக் கிறுக்கல்தான் உங்களுக்காகப் பேசும். மூலை காலியாக இருந்தால் மதிப்பெண் நன்றாக இருந்தாலும் அந்தத் தாள் பெரும்பாலும் கட்டோடு போய்விடும்.

சரி, அங்கே நான் என்ன எழுத வேண்டும் என்று நினைத்து வருகிறீர்கள்?

"எந்த வேலையா இருந்தாலும் பரவாயில்லை சார்" என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். பணிவாகத்தான் சொல்கிறார்கள், ஆனால் அதில் எழுதிக்கொள்ள எனக்கு ஒன்றுமே கிடைப்பதில்லை. ஒருமுறை ஒரு பெண் வந்தார். கணக்குப் பிரிவுக்கு ஆள் எடுப்பதை அறிவிப்பில் பார்த்ததாகவும், படிக்கும்போதே ஒரு சின்னக் கடையின் வரவு செலவைப் பார்த்துக்கொண்டதாகவும், சரக்கு இருப்பு ஏன் மாதாமாதம் உதைக்கிறது என்று தேடிப்போய் ஒரே பில் இரண்டு முறை பதிவாகியிருந்ததைக் கண்டுபிடித்ததாகவும் சொன்னார். அவ்வளவுதான், ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. 'டபுள் பில் கண்டுபிடித்தவர்' என்று எழுதிக்கொண்டேன்.

இப்படிப் பேச முந்தின நாளே கொஞ்சம் வேலை இருக்கிறது. வரப்போகும் நிறுவனங்களின் பட்டியலைப் பெரும்பாலும் முன்கூட்டியே வெளியிட்டுவிடுவார்கள். ஐந்தாறைத் தேர்ந்தெடுத்து அவர்கள் என்ன செய்கிறார்கள், எந்த வேலைக்கு ஆள் தேடுகிறார்கள் என்று படித்துவிட்டு வாருங்கள், ஏனென்றால் "உங்க கம்பெனி என்ன சார் பண்ணுது?" என்று கேட்டால் மேற்கொண்டு பேச எனக்கே மனசு வராது. இன்னொன்று, ரொம்ப ஆசைப்படும் நிறுவனத்திடம் முதலில் போகாதீர்கள். வேறு ஒன்றிரண்டு இடத்தில் பேசி நாக்கு பழகிய பிறகு போங்கள், ஆனால் மத்தியானத்துக்குத் தள்ளிப்போடவும் வேண்டாம், அதற்குள் நாங்கள் களைத்துவிடுவோம்.

உடை பற்றி நிறையக் கேட்கிறார்கள். துவைத்து இஸ்திரி போட்டதாக இருந்தால் போதும்.

நண்பர்களோடு கும்பலாக வந்து நின்றால் யார் என்ன சொன்னார்கள் என்பதே குழம்பிவிடும். அப்பாவோ அம்மாவோ கூட வருவதில் தவறில்லை, ஆனால் கேள்வி உங்களுக்கு, பதில் அவர்களிடமிருந்து என்றால் மூலையில் நான் எழுதக்கூடியது 'அப்பா நன்றாகப் பேசுகிறார்' என்பதுதான்.

சம்பளம் பற்றிக் கேட்கவே கூடாது என்று சிலர் அறிவுரை சொல்வதை நான் ஒப்புக்கொள்வதில்லை. தாராளமாகக் கேளுங்கள், முதல் கேள்வியாக வேண்டாம். "சேர்ந்ததும் முதல் மூன்று மாதம் என்ன வேலை இருக்கும்?" என்று ஆரம்பித்துப் பாருங்கள், எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

ஆனால் ஒன்றில் உஷாராக இருங்கள். முகாமிலோ பிறகு போனிலோ பயிற்சிக் கட்டணம், டெபாசிட் என்று யாராவது பணம் கேட்டால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். நேர்மையாக ஆள் எடுக்கிறவர் உங்களிடம் காசு வாங்க மாட்டார். அசல் சான்றிதழைக் காட்டலாம், கொடுத்துவிட்டு வரக் கூடாது.

"ஆன்லைனிலும் விண்ணப்பித்துவிடுங்கள்" என்று நாங்கள் சொன்னால் தட்டிக்கழிப்பதாக நினைக்காதீர்கள். பல நிறுவனங்களில் சிஸ்டத்தில் பெயர் ஏறாமல் அடுத்த கட்டத்துக்கு அனுப்பவே முடியாது. அன்று ராத்திரியே செய்துவிடுங்கள். ரெஸ்யூமில் இருக்கும் போன் நம்பர் இப்போது நீங்கள் பயன்படுத்துவதுதானா என்றும் பாருங்கள், பழைய நம்பருக்கு அழைத்து அலுத்துப்போனவன் சொல்கிறேன்.

அப்புறம், பேசியவரின் மெயில் முகவரியைக் கேட்டு வாங்கியிருந்தால் மறுநாள் நாலு வரி எழுதுங்கள். வெறும் நன்றி மட்டும் வேண்டாம், என்ன பேசினோம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். 'டபுள் பில் பற்றிச் சொன்னேனே' என்று அந்தப் பெண் எழுதியிருந்தார். உடனே கட்டைப் பிரித்து அவருடைய தாளைத் தேடி எடுத்தேன்.