இன்னும் நூறு அடி இறக்கினால் நல்ல தண்ணீர் வருமா?

கோடை பிறந்தால் என்னிடம் வருகிறவர்கள் அதிகம் கேட்பது இதைத்தான். மட்டக்களப்புக் கல்லடியில் ஓர் ஐயா, தமிழ்நாட்டின் கடலூர்ப் பக்கம் குழாய்க் கிணற்றில் தண்ணீர் தானாகப் பொங்கும் காணொளியைக் காட்டினார். அதை நம்பி முற்றத்தில் ஆழமாகக் குழாய் இறக்கியிருந்தார். வந்தது உப்பு.

"அது மணற்கல், ஐயா. நமக்குக் கீழே அது இல்லை" என்றேன்.

மணற்கல்லில் மணிகளுக்கிடையே இடைவெளி உண்டு. தண்ணீர் அதில் தங்கும், நகரும். களிப்பாறையிலும் நுண்துளைகள் உண்டு. ஆனால் அவை மிகச் சிறியவை, தண்ணீரை விடமாட்டா. களி அடுக்குகளுக்கு நடுவே மணற்கல் சிக்கி, மேட்டுப் பக்கத்திலிருந்து அதில் தண்ணீர் இறங்கினால் உள்ளே அழுத்தம் ஏறும். துளையிட்டதும் தண்ணீர் மேலே வரும். நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்தில் இந்த அழுத்தத்தைக் குறைக்கவே இரவு பகலாக இறைக்கிறார்கள். இலங்கையிலும் புத்தளம் மாவட்டத்துத் தப்போவையில் யுராசிக் காலத்து மணற்கல்லும் களிப்பாறையும் உண்டு. பழைய தாவரங்களின் சுவடுகள்கூட அவற்றில் பதிந்திருக்கின்றன. ஆனால் அது சின்னத் துண்டு நிலம்.

மட்டக்களப்பின் அடித்தளம் 50 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழைய, உருமாறிய கடும்பாறை. குடும்பிமலையில் வெளியே தெரிவது அந்த வகைதான். அதில் தண்ணீர் இருப்பது வெடிப்புகளில் மட்டும். ஆகவே மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் குழாய் அடிப்பவர்கள் முதலில் வெடிப்பு எங்கே என்று, நிலத்துக்குள் மின்சாரம் செலுத்திப் பார்க்கும் மின்தடை அளவீடு செய்து பாருங்கள். ஆழம் அப்புறம்.

கல்லடி இருக்கும் எழுவான்கரை வேறு கதை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவே மணல். மாரி மழை அந்த மணலில் இறங்கி, பாரமான உப்புநீரின்மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி இருக்கும் என்பது கணக்கு. மேலே ஒரு அடி குறைந்தால் கீழே உப்பு 40 அடி ஏறப் பார்க்கும். 2004 சுனாமிக்குப் பிறகு உப்பேறிய கிணறுகளை நல்லெண்ணத்தோடு திரும்பத் திரும்ப இறைத்தோம். பல இடங்களில் அதுவே உப்பைக் கீழிருந்து மேலே இழுத்தது. கடைசியில் கழுவிவிட்டது மழைதான். அப்படி இறைத்தது இன்னும் என் மனதை உறுத்துகிறது.

சரி, கல்லடி ஐயா என்ன செய்தார்? குழாயை அடைத்துவிட்டு, தகப்பனார் காலத்து அகலக் கிணற்றைத் துப்புரவாக்கினார். சிறிய மோட்டார் போட்டு, காலையும் மாலையும் கொஞ்சம் கொஞ்சமாக இறைக்கிறார். முற்றத்துக்குச் சீமெந்து போடும் யோசனையையும் விட்டுவிட்டார். மழைத்தண்ணீர் இறங்க மணல் வேண்டுமே.