நடுக்கூடத்தில் நெருப்பு

பேலீஃப் பண்ணை வீட்டுக் கூடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் நடுவே மாடித்தளம் ஏதும் மறைக்காது, கூரை மரங்கள்தான் தெரியும். தீப்பிடித்த வீடுபோல மரமெல்லாம் கறுத்துக் கிடக்கும். எல்லாம் தலைமுறை தலைமுறையாகப் படிந்த கணப்புப் புகை.

இங்கிலாந்தின் கென்ட் பகுதியில், சிடிங்ஸ்டோன் பக்கம் 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த வீடு இது. புகைபோக்கி கிடையாது. கூடத்து நடுத்தரையிலேயே விறகு எரியும். சூடான புகை மேலே போய்க் கூரைக்கடியில் திரண்டு, ஓட்டு இடுக்குகளிலும் சன்னல்களிலும் கசிந்து வெளியேறும். சன்னலில் கண்ணாடி இல்லை. மரக்கம்பிகளும் கதவும் மட்டுமே. காற்று வீசும் பக்கத்துக் கதவை அடைத்து எதிர்ப்பக்கத்தைத் திறந்துவைத்தால் புகை ஓரளவு அடங்கும். கண் எரிச்சல் என்னவோ இருந்தேதான் இருக்கும்.

கூடத்தின் உயரம் வெறும் பெருமைக்காக இல்லை. புகை தலைக்கு மேலே நிற்க இடம் வேண்டும். அதனால் கூடத்துக்கு மேல் மாடி போட வழியில்லை. வீட்டின் இரு முனைகளிலும் மாடி அறை உண்டு, ஆனால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகக் கீழே இறங்கிக் கூடத்தைக் கடந்துதான் ஏற வேண்டும். 16, 17ஆம் நூற்றாண்டுகளில் செங்கல் புகைபோக்கிகள் பரவிய பிறகே இத்தகைய கூடங்களுக்கு நடுவே தளம் போட்டார்கள். ஒரு பழைய வீட்டில் திறந்த கூடம் இருந்ததா என்று அறிய, ஆய்வாளர்கள் பரணில் ஏறிக் கரி படிந்த மரத்தைத்தான் தேடுகிறார்கள்.

பாரம் தாங்குவது சுவரல்ல, ஓக் மரச்சட்டகம். இடைவெளியில் விளார் பின்னி, களிமண்ணும் சாணமும் வைக்கோலும் குழைத்துப் பூசியதுதான் சுவர். வெட்டிய ஓக்கை உலரவிடாமல் ஈரப்பதத்தோடே இழைத்தார்கள். உலர்ந்த ஓக்கில் உளி எளிதில் இறங்காது. ஒரு மரத்தின் நுனியைச் செதுக்கி, மற்றொன்றில் குடைந்த குழியில் செருகி, குறுக்கே மர ஆணி அடிப்பார்கள். நேர்த்தியே அந்த ஆணித் துளையில்தான் இருக்கிறது: செருகும் நுனியில் போடும் துளையை வேண்டுமென்றே மயிரிழை தள்ளிப் போடுவார்கள். கூம்பு வடிவ ஆணி இறங்கும்போது இரண்டு மரத்தையும் இழுத்து இறுக்கிவிடும்.

பச்சையாகவே பயன்பட்டதால் மரம் வெட்டிய ஆண்டும் வீடு கட்டிய ஆண்டும் ஏறக்குறைய ஒன்று. மர வளையங்களை எண்ணிக் கூடத்துக்கு 1405-1430 என்றும், ஒரு முனைக்கு அதிலிருந்து ஏறத்தாழ நூறாண்டு கழித்து என்றும் காலம் கணித்திருக்கிறார்கள்.

1960களின் இறுதியில் பௌ பீச் நீர்த்தேக்கத்துக்காக இடம் எடுக்கப்பட்டபோது வீட்டைக் கழற்றினார்கள். ஆணி கழன்றால் சட்டகமும் கழலும் என்பது அப்போது கைகொடுத்தது. சசெக்ஸின் சிங்கிள்டனில் உள்ள திறந்தவெளி அருங்காட்சியகத்தில், 1540 வாக்கில் இருந்த தோற்றத்தில் மறுபடி நிறுத்தினார்கள். அதற்குப் பிந்தைய காலம் இதனால் அழிந்துபோகிறது என்று குறை சொல்லலாம். ஆனால் கூடத்து நடுவே மறுபடி தீ மூட்ட அதைவிட்டால் வேறு வழியில்லை.