மாத்மேனும் 2.5 மில்லிமீட்டர் விரிசலும்

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில், ஓஹையோ ஆற்றங்கரையில் இருக்கும் சின்ன ஊர் பாயிண்ட் பிளசன்ட். செப்டம்பர் மாதம் மூன்றாவது வார இறுதி வந்தால் ஊர் கொள்ளாத கூட்டம். எல்லாம் மாத்மேனுக்காக. ஆள் உயர உருவம், பெரிய சிறகுகள், செக்கச்செவேல் என்று கண்கள். 2002-ல் தொடங்கிய இந்தத் திருவிழாவில் அந்த வேடம் போட்டுக்கொண்டு தெருவெல்லாம் திரிகிறார்கள்.

கதை பிறந்தது 1966 நவம்பர் 15 இரவில். ஊருக்கு வடக்கே, இரண்டாம் உலகப் போரில் வெடிமருந்து தயாரித்துப் பிறகு கைவிடப்பட்ட நிலம் இருக்கிறது. அந்தப் பக்கம் காரில் போன இரண்டு இளம் ஜோடிகள், இருட்டில் சிவப்பாக மின்னிய கண்களைப் பார்த்து அலறியடித்துத் திரும்பினார்கள். மறுநாள் உள்ளூர்ப் பத்திரிகையில் செய்தி வந்தது. அப்புறம் இன்னும் பலர் பார்த்ததாகச் சொன்னார்கள்.

அவர்கள் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. ஏதோ ஆந்தையைப் பார்த்திருப்பார்கள். ஆந்தையின் கண்ணுக்குள் போகும் வெளிச்சம், பின்பக்கம் ரத்த நாளங்கள் நிறைந்த படலத்தில் பட்டுச் சிவப்பாகத் திரும்பும். ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் நம் கண் சிவப்பதும் இதனால்தான். உருவம் ஏன் அத்தனை பெரிதாகத் தெரிந்தது? பக்கத்தில் ஒப்பிட எதுவும் இல்லாத இருட்டில், மூளை தூரத்தை உத்தேசமாகத்தான் போடும். அந்தத் தூரத்தை வைத்தே அளவையும் முடிவு செய்யும். 10 மீட்டரில் இருப்பதை 30 மீட்டரில் இருப்பதாக எடுத்துக்கொண்டால் பறவை மூன்று மடங்கு பெரிதாகிவிடும். அது வழிதவறி வந்த சாண்ட்ஹில் கொக்கு என்றார் ஒரு உயிரியலாளர். எனக்கு ஆந்தைதான் பொருத்தமாகப் படுகிறது.

இதோடு போயிருந்தால் எல்லா ஊரிலும் இருக்கும் பேய்க்கதைகளில் ஒன்றாகியிருக்கும். ஆனால் சரியாக 13 மாதம் கழித்து, 1967 டிசம்பர் 15 மாலை, அந்த ஊரில் ஓஹையோ ஆற்றின் மேல் இருந்த, வாகனங்கள் நெருக்கியடித்து நின்ற சில்வர் பாலம் மொத்தமாக ஆற்றில் விழுந்தது. 46 பேர் இறந்தார்கள். மாத்மேன் வந்தது இதற்கான அபசகுனம் என்று பேச்சு கிளம்பியது, இன்றும் ஓயவில்லை.

பாலத்தை வீழ்த்தியது எது என்பது விசாரணையில் தெளிவாகவே தெரிந்தது. 1928-ல் கட்டிய அந்தத் தொங்கு பாலத்தைத் தாங்கியது முறுக்குக் கம்பிவடம் அல்ல. நீளமான எஃகுப் பட்டைகள். இரு முனையிலும் துளையிட்டு, அதில் எஃகு ஆணி செருகி, சைக்கிள் செயின் போலக் கோத்திருந்தார்கள். ஒவ்வொரு கண்ணிக்கும் இரண்டே பட்டைகள். இன்னும் சில பட்டைகள் இருந்திருந்தால், ஒன்று போனாலும் மற்றவை சுமையை வாங்கியிருக்கும்.

330 என்று எண்ணிட்ட பட்டையின் துளைக்குள் ஒரு நுண்ணிய விரிசல் விழுந்தது. இழுவிசை எப்போதும் துளையின் விளிம்பில்தான் குவியும். அங்கே ஈரம் நுழைந்து துரு அரிக்க, அந்த இழுப்பு விரிசலை மெல்லப் பிளந்துகொண்டே போனது. உறுதி கூடிய அந்த எஃகு வளைந்து எச்சரிக்காமல் பட்டென்று உடையும் வகை. சுமார் 40 ஆண்டுகளில் விரிசலின் ஆழம் 2.5 மில்லிமீட்டர்தான், அதுவே போதுமாக இருந்தது. துளையின் ஒரு பக்கம் உடைய, மறுபக்கமும் கிழிந்தது. ஆணி கழன்றது. கோபுரங்களே சங்கிலியின் இழுப்பை நம்பி நின்றவை என்பதால் அவையும் சாய்ந்தன.

பட்டைகளைக் கோத்த இணைப்பைக் கழற்றாமல் அந்த விரிசலை யாராலும் பார்த்திருக்க முடியாது. அன்று வேலைக்குப் போய்த் திரும்பியவர்கள், கிறிஸ்துமஸுக்குப் பொருள் வாங்கப் போனவர்கள் சாவுக்கு ஒரு சிறகுப் பிராணியைக் காரணம் காட்டுவது எனக்கு வேதனையாக இருக்கிறது. திருவிழாவுக்குப் போகிறவர்கள் மாத்மேன் சிலையோடு நிறுத்திக்கொள்ளாமல், இறந்தவர்களின் நினைவிடத்துக்கும் போக வேண்டும்.

அதே ஆற்றின் மேல், செயின்ட் மேரிஸ் ஊரில், இதே முறையில் கட்டிய இன்னொரு பாலம் இருந்தது. விபத்துக்குப் பிறகு அதை மூடி, 1971-ல் இடித்தார்கள். அந்த ஆண்டில்தான் நாடு முழுக்க நெடுஞ்சாலைப் பாலங்களை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை ஆய்வு செய்யும் விதியும் வந்தது.